உயிரளக்கும் குண்டு

1979-ல் புனேயை ஒட்டிய போபோடி முழுக்க ஒரே பேச்சு: புரொபசர் சின்னதுரை. எந்தக் காலேஜில் புரொபசர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டிருந்தார், போதாதா?

பேக்கரிக்கு மேல்மாடியில் அவருடைய 'பிராண ஆராய்ச்சி நிலையம்'. ஜனங்கள் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, படிக்கட்டில் வரிசை கட்டி நின்றார்கள். வருகிறவர் ஒரு புகைப்படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். முகம் தெரிந்தால் புரொபசரின் மனம் குறுக்கே வந்துவிடுமாம்! அதன்மேல் பட்டு நூலில் ஒரு செப்புக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு சுற்றினால் படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். நின்றால் போய்ச் சேர்ந்துவிட்டார். இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. தட்டில் விழுவது காணிக்கை அல்ல, 'ஆராய்ச்சி நிதி'.

"விஞ்ஞானம் நாடியை எண்ணும். உயிர் எதுன்னு சொல்லுமா? மனசு எங்க இருக்குன்னு காட்டுமா?" என்பார். காட்டாது, காட்டாது என்று கூட்டம் தலையாட்டும்.

பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சரான எல்சிக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் படத்தோடு அம்மா கிருபாவதியே மாடியேறியபோதுதான் வேடிக்கை வினையாயிற்று. மாப்பிள்ளை ஜார்ஜ், லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம். எல்சிக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

குண்டு நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை உயிரோடதான் இருக்காரு ஐயா!" என்று பதறினாள் கிருபாவதி.

"நடமாடுறார்மா. பிராணன் வத்தியாச்சு. ஆறு மாசம் தாங்கினா அதிகம்" என்று சமாளித்த புரொபசர், தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளத் தன் படம் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள். "இந்தக் கல்யாணம் வேண்டாம்ட்டி. மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு ஃபாதர்ட்ட சொல்லப்போறேன்."

"நேத்து ஸ்டேஷன்ல நாலு வடாபாவ் சாப்பிட்டாரும்மா. பிராணன் வத்தின ஆளா அவரு?"

"சும்மா கெட."

எல்சி ஜார்ஜின் படத்தைக் கையில் எடுத்தாள், தற்செயலாகத் திருப்பினாள். பின்பக்கம் ஓரமெல்லாம் காய்ந்த பசை, ஒட்டிய அட்டை, ஆணித் துரு. மகன் குத்துச்சண்டையில் மெடல் வாங்கிய பெருமையில் ஜார்ஜின் அம்மா பிரேம் போட்டு மாட்டிவைத்திருந்த படம். சம்பந்தியம்மா கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார். எல்சிக்குச் சிரிப்பு பீறிட்டது. நம் வீடுகளில் உயிரோடு இருப்பவர் படம் ஆல்பத்தில் இருக்கும். போனவர் படம்தானே சுவரில் ஏறும்! புரொபசர் உயிரைப் படிக்கவில்லை. பசையைப் படித்திருக்கிறார்.

அவர் கொடுத்தனுப்பிய படத்தோடு நேரே பிரேம் கடை மைதீனிடம் போனாள்.

"பிரேம் போட்டுட்டு உடனே கழட்டணுமா? அரே, பைத்தியமா டீச்சர்?"

"பசை நல்லா ஒட்டணும் பாய். ஆணி பழசாவே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இழுத்துக்கொண்டு மாடியேறினாள். மைதீனும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார். எல்சி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பின்பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்த புரொபசரின் முகம் துக்கத்தில் நீண்டது. குண்டு ஆணியடித்தாற்போல் நின்றது.

"யாரும்மா இவரு?"

"ரொம்ப வேண்டியவர் ஐயா. உயிர் இருக்கா?"

"துளிகூட இல்ல. போய் ரெண்டு மூணு வருஷம் ஆகுது."

"நிச்சயமா?"

"விஞ்ஞானம் தப்பும். என் குண்டு தப்பாது."

எல்சி படத்தைத் திருப்பினாள். கோட்டுப் போட்ட புரொபசர் சின்னதுரை அதிலிருந்து புன்னகைத்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் பேசினது மய்யித்தா?" என்றார் மைதீன்.

மாடி அதிரச் சிரித்தது கூட்டம். எல்சி பசையையும் துருவையும் எல்லோருக்கும் காட்டினாள். குண்டை ஆட்டியதும் நிறுத்தியதும் அவர் விரல்தான் என்றாள்.

"உயிர் என்னன்னு உங்க விஞ்ஞானம் சொல்லுமா?" என்று கத்தினார் புரொபசர்.

"இன்னும் முழுசாத் தெரியாதுதான் ஐயா. மனசும் அப்படித்தான். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றோம். எங்களுக்குத் தெரியலைன்னா உங்களுக்குத் தெரியும்னு ஆயிடுமா?"

பின்வாசல் வழியாகக் கோட்டு இறங்கி ஓடியது.

"செத்த மனுசன் சொல்லுத குறியையா நான் நம்புனேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கிருபாவதி. அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று.

மனம் எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. தேடட்டும். நீங்கள் அடுத்த புரொபசரின் மாடிப்படி ஏறும்போது, செருப்போடு சேர்த்து அதையும் கீழே கழற்றிவிடாமல் இருந்தால் போதும்.