வெந்நீருக்கு அஞ்சிய சூரியன்

உத்திரமேரூரில் ஞாயிறுதோறும் இரண்டு சூரியன். ஒன்று வானத்தில். இலவசம் என்பதால் யாரும் மதிப்பதில்லை. இன்னொன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால், கொட்டகையில், பானைக்குள். அதைக் குடிக்கத்தான் ஆட்டோ பிடித்து வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

ஆதித்த சாமி வெல்லத் தண்ணீரில் பழுப்புத் தூள் ஒரு சிட்டிகை போடுவார். கறுப்புத் துணியால் மூடி முணுமுணுப்பார். கொஞ்ச நேரத்தில் நுரை பொங்கித் துணியைத் தூக்கும். "சூரியன் எறங்கிட்டாரு! அத்தினியும் வைட்டமின் டி!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மந்திரத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்து சேர்ந்தால் தட்டில் தட்சணையும் பொங்கும்.

பக்கத்து வீட்டு ஜெயப்பிரியா அக்கா பட்டுத்தறி நெய்பவர். மகள் நிஷா நாளெல்லாம் இருட்டில், தறி ஓரமாகவே வளர்ந்தவள். மூன்று வயதில் கால் வில்லாக வளைகிறது. டாக்டர் சொட்டு மருந்து எழுதி, வெயிலில் விளையாட விடச் சொன்னார். சாமி இரண்டையும் தடுத்தார்.

"சூரியன் வவுத்துக்குள்ள கீறாரு. வெளிய இன்னொருத்தர காட்டினா கோச்சிக்குவாரு."

அக்கா ஜன்னலையும் சாத்திவிட்டார்.

அந்த வாரம் எங்கள் மாலை வகுப்பில் ஈஸ்ட் பாடம். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர் அது. பார்க்கச் சாமியின் பழுப்புத் தூள் போலவே இருக்கும். அதன்மேல் புற ஊதா ஒளி பட்டால் வைட்டமின் டி உண்டாகும். ஆலைகளில் அப்படித்தான் தயாரிக்கிறார்களாம். இருட்டில் மூடி வைத்தால் வெறும் நுரைதான். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே பேக்கரியில் ஈஸ்ட் வாங்கி இரண்டு சொம்பில் போட்டேன். வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரில் பொங்கியது. கொதித்த வெல்லத் தண்ணீரில் செத்தது. சந்தேகம் தீராமல் மறுபடியும் செய்தேன். அதேதான். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. வாயில் இட்லி இருந்தது.

ஞாயிறன்று அக்காவோடு வரிசையில் நின்றேன். நிஷா அவர் இடுப்பில். என் கையில் ஒரு பிளாஸ்க், ஒரு சொம்பு. சாமி முன்னால் பிளாஸ்க்கை நீட்டினேன்.

"சாமி, இந்த வெல்லத் தண்ணியில எறக்குங்க."

பிளாஸ்க்கைத் திறந்ததும் ஆவி அவர் தாடியில் அடித்தது. "இன்னா நைனா, கொதிக்கிது?"

"சூரியனுக்குச் சூடு ஆவாதா, சாமி?"

எங்களுக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சேட்டு சிரித்தார். "போடு சாமி! அவரு பாக்காத சூடா?"

மறுக்க வழியில்லை. போட்டார், மூடினார், முணுமுணுத்தார். பிறகு கத்தினார். துணி அசையவில்லை. இதற்குள் சேட்டு, சாமியின் டப்பாவிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து, வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர் இருந்த என் சொம்பில் போட்டிருந்தார். வாயே திறக்கவில்லை. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"நம்பாத கண்ணு பட்டுச்சு. சூரியன் திரும்பிப் பூட்டாரு," என்றார் சாமி.

"எங்க பூட்டாரு? மேலதான கீறாரு!" என்றார் சேட்டு.

அக்கா சிரிக்கவில்லை. "அப்போ எம் பொண்ண இன்னாத்துக்குய்யா இருட்டுல வெக்கச் சொன்ன?"

சாமி தட்சணைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கா நிஷாவை வெளியே இறக்கிவிட்டார். குழந்தை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வளைந்த காலால் தன் நிழலை மிதிக்கப் பார்த்தது. அங்கிருந்தே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சாமி பானையோடு வேறு ஊர் கிளம்பிவிட்டதாகக் கேள்வி. உங்கள் ஊருக்கு வந்தால் பூவும் பழமும் வேண்டாம். ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுபோங்கள். கூடவே, இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது வழக்கமாக வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மூளையையும்.