ஜீப் இடப்பக்கம் சாய்வது ஏன்?

ஆவடி
நவம்பர் 19, புதன்கிழமை

என் அன்பு மகன் இவானுக்கு,

அம்மா ஞானசௌந்தரி எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நானும் வீடும் உன் அப்பாவின் ஜீப்பும் நலம். அங்கே பூனாவில் நீயும் நிவேதிதாவும் நலமாக இருக்கவும், உங்கள் பதினோராம் மாடிக்கு லிஃப்ட் பழுதாகாமல் ஓடவும் தினமும் செபமாலையில் ஒரு மணி ஒதுக்கியிருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் முடியாது.

மே மாதம் நீங்கள் வந்திருந்தபோது நடந்ததை நினைவுபடுத்துகிறேன். குமணன்சாவடி சந்திப்பில் நான் ஜீப்பை வலப்பக்கம் திருப்பினேன், வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, பின்னால் இருந்த நிவேதிதா அலறினாள், அவள் மடியிலிருந்த மாம்பழங்கள் ஒவ்வொன்றாகச் சாலையில் இறங்கி நடந்தன. நீ அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாய். "நிக்கும்போதே சாயுதும்மா, திரும்பும்போது ஒருநாள் கவுந்துடும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வித்துடலாம்" என்றாய். ஜீப் போனால் அடுத்தது வீடு, வீட்டுக்கு அடுத்தது நான் என்பது எனக்குத் தெரியாதா? பதினோராம் மாடியில் உட்கார்ந்து புறாக்களை விரட்ட நான் தயாராக இல்லை. ஆனால் நீ ஒரு வாக்கும் கொடுத்தாய். சாய்வை நிறுத்திக் காட்டினால் விற்கும் பேச்சையே எடுப்பதில்லை என்று. மறந்துவிட்டது என்று சொல்லாதே, நிவேதிதா சாட்சி.

அது ஏன் சாய்கிறது என்று மட்டும் நீ கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் 'ஏன்' என்று கேட்காமல் தலையாட்டும் பிள்ளையை சிஸ்டர் பெர்னதெத் வெயிலில் நிறுத்துவார். எழுபத்திரண்டு வயதில் வெயிலில் நிற்க எனக்கு விருப்பமில்லாததால் நானே கேட்க ஆரம்பித்தேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தித் தையல் டேப்பால் நான்கு மூலையும் அளந்தேன். இடப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் தாழ்வு. மூன்று நாள், காலையும் மாலையும் அளந்தேன், மாறவில்லை. எதிர்வீட்டு நடேசன் தன் வாசலில் நின்று, "என்னம்மா, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கிறீங்களா?" என்றார். உங்கள் வாய்க்கு ஓர் உறை தைக்கிறேன் என்று சொல்ல வந்தேன். பூசைக்குப் போய்வந்த நாளாக இருந்ததால் சொல்லவில்லை.

மாடியில் குடியிருக்கும் அபிஷேக்கைத் தெரியும் அல்லவா, கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமையானால் நண்பர்களோடு வண்டியை எங்கேயாவது சேற்றில் இறக்கி, அதை ஏற்றுவதற்கு இன்னொரு வண்டியை வரவழைக்கிறவன். அவனிடம் கேட்டேன். "ஆன்ட்டி, ரொம்ப சிம்பிள். ஸ்பேசர் போட்டுடுங்க. சக்கரம் அகலமா நிக்கும், வண்டி மலை மாதிரி இருக்கும்" என்றான். ஸ்பேசர் என்பது சப்பாத்திக் கல் அளவுக்கு, ஒன்றரை அங்குலத் தடிமனில், ஓர் அலுமினிய வட்டு. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்து முறுக்கிவிட்டால், வட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஒன்றரை அங்குலத்தில் அப்படி என்ன வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சோதித்துப் பார்க்காமல் நம்புவதும் தவறு, மறுப்பதும் தவறு. எனவே மொட்டை மாடியில் கால்களைச் சேர்த்து நின்று, அபிஷேக்கை என் தோளைத் தள்ளச் சொன்னேன். தள்ளாடினேன். மாநகரப் பேருந்து நடத்துநர் போல ஓர் அடி அகட்டி நின்று மறுபடி தள்ளச் சொன்னேன். அசையவில்லை. "இன்னும் பலமாகத் தள்ளு" என்றேன். "ஆன்ட்டி, போதும் ஆன்ட்டி, யாராவது பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றான். நடேசன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அபிஷேக் தன்னிடமிருந்து கொடுத்த வட்டுகளோடு ஜீப்பை அண்ணனூரில் முகமது ஆசிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். உன் அப்பா காலத்திலிருந்து நம் வண்டியைப் பார்க்கிறவர். என்னை 'நீ' என்றுதான் பேசுவார். ஒவ்வொரு 'நீ'க்கும் ஓர் 'அம்மா' சேர்த்துவிடுவதால் நானும் திருத்துவதில்லை. வட்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நல்லா கீற சக்கரத்த எதுக்கு வெளிய தள்ற?" என்றார்.

"சாய்வு போக. ஏன், கூடாதா?"

"போடலாம். ஆனா பேரிங்குக்கு லோடு ஏறும், ஸ்டீரிங்கு கனக்கும். அதும் இல்லாம நீ சொல்ற சாய்வு இதுல போவாதும்மா. கூன் உளுந்தவன் காலை அகட்டிக்கினு நின்னா கூன் நிமிந்துடுமா?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் கோபம் வந்தது. கோபத்தில், "போடுங்கள்" என்றேன். அவர் நான்கு சக்கரத்துக்கும் போட்டார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவர வேண்டும், நட்டுகளை மறுபடி முறுக்கியாக வேண்டும், மறந்தால் சக்கரம் தனியாக ஊருக்குப் போய்விடும் என்று இரண்டுமுறை சொன்னார். ஓடியது என்னவோ ஏழு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஏழு கிலோமீட்டரைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன், திருப்பங்களில் வண்டி தரையைக் கவ்விப் பிடித்தது. ஸ்டீரிங் மட்டும் மாவாட்டுவதுபோல் கனத்தது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அபிஷேக்குக்கு என்ன பலகாரம் செய்துகொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் நம் வாசலை நீ நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். தெரு வடிகாலைத் தாண்டி கேட்டுக்குள் நுழைய எல்லார் வீட்டிலும் முழுசாக ஒரு சிமென்ட் பலகை போட்டிருப்பார்கள். உன் அப்பா மட்டும், சக்கரம் இரண்டு இடத்தில்தானே போகிறது, நடுவில் எதற்குக் கல் என்று, ஒரு சாண் அகலத்தில் இரண்டே இரண்டு கருங்கற்களை ஜீப்பின் சக்கரங்களுக்கு அளவெடுத்துப் பதித்தார். அவர் போய், நான் ஓட்டும் இந்த நான்கு ஆண்டுகளாக வலச் சக்கரத்தை வலக்கல்லின் நடுமத்தியில் வைப்பேன், இடச் சக்கரம் தானாகவே இடக்கல்லில் வந்து ஏறும். அன்றும் அப்படியே வைத்தேன். மயிரிழை பிசகவில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை என்றால் இரண்டு பக்கத்துக்கு மூன்று அங்குலம், வலப்பக்கத்தை நான் நடுவில் வைத்துவிட்டபடியால் அந்த மூன்றும் இடப்பக்கத்தின் தலையில் விழுந்தது. காலையில் பெய்த மழையில் பாசி பிடித்த கல் வேறு நனைந்து கிடந்தது. இடச் சக்கரங்கள் வழுக்கி வடிகாலுக்குள் இறங்கின. ஜீப் படுக்கப்போகும் மாடு மாதிரி சாய்ந்து நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடிகூடக் கழலவில்லை. ஆனால் பின்னால், இடப்பக்கப் பலகை இருக்கைக்குக் கீழே உன் அப்பா பூட்டுப் போட்டு வைத்திருந்த தகரப் பெட்டி, ஜாக்கியும் ஸ்பேனரும் இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருந்த பெட்டி, பூட்டு தெறித்துத் திறந்துகொண்டது. அதிலிருந்து பெரிதாக ஏதோ உருண்டு தொபுக்கென்று தண்ணீரில் விழுந்து, வடிகால் ஓரம் வந்து நின்ற நடேசனின் வேட்டியை இடுப்புவரை நனைத்தது.

"என்னம்மா, வண்டி குட்டி போட்டுடுச்சா?" என்றார்.

இவான், அது என் ஆட்டுக்கல்.

1994இல் கிரைண்டர் வாங்கிய மாதம் காணாமல்போன அதே ஆட்டுக்கல். விளிம்பில் நான் உடைத்த மூளி அப்படியே இருந்தது. உன் ஹெலினா அத்தைதான் அம்பத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று முப்பத்தோரு ஆண்டு அவளுடன் சம்பிரதாயப் பேச்சு மட்டும் வைத்திருந்தேன். ஆதாரம் வேண்டுமென்றுதான் கல்லோடு போகாமல் மிஞ்சிய குழவியைச் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். அவள் வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்பேன். கல்லை வெளியே எடுத்ததும் குழவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

ஏன் அதைத் திருடி வண்டிக்குள் வைத்தார்? பெட்டியின் மூடியைத் திருப்பினால் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் உன் அப்பாவின் கையெழுத்து: 'வே 102 = கல் 58 + சௌ 44.' தொழிற்பேட்டை எடைமேடையில் முப்பது வருடம் லாரிகளை எடைபோட்டவர், தன்னை 'வே' என்றும் என்னை 'சௌ' என்றும் எடைபோட்டு எழுதியிருக்கிறார். அவர் வலப்பக்கம் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார, கல் என் கட்சி. வண்டி தராசு முள் போல நேராக நிற்கும். என்னிடம் கேட்டிருந்தால் கல்லைக் கொடுத்திருக்கமாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தேன், சரி. நான் இன்றும் நாற்பத்துநான்குதான் என்பதை நீ குறித்துக்கொள்.

அவர் போன பிறகு நான் வலப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். கல் தன் இடத்திலேயே இருந்தது. நாற்பத்துநான்கு ஒரு பக்கம், ஐம்பத்தெட்டு ஒரு பக்கம். அதோடு மே மாதம் நீயும் இடப்பக்கம் முன்னால் ஏறிக்கொண்டாய், நிவேதிதா உன் பின்னால் அந்தப் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்தாள். சாயாமல் என்ன செய்யும்? வண்டி சரியாகத்தான் இருந்திருக்கிறது, நாம்தான் தப்பான இடத்தில் இருந்திருக்கிறோம்.

ஆசிக் வந்து ஜீப்பை ஏற்றினார், வட்டுகளைக் கழற்றினார், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருமுறைதான் சொன்னார், அது பெருந்தன்மை. கல் வெளியே இருக்க, இரண்டு நாள் கழித்து அளந்தேன். இடப்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்தான் தாழ்வு. முப்பது வருடம் சுமந்த ஸ்பிரிங் பட்டைக்கு அதுகூட இல்லாவிட்டால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆசிக்கின் கையில் ஒரு தம்ளர் டீயைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே குமணன்சாவடி சந்திப்பில் மூன்றுமுறை வலப்பக்கம் திரும்பினேன். "ஒரு சொட்டு சிந்தலம்மா. ஆனா டீ ஆறிப்போச்சு" என்றார். ஆக, ஸ்பேசர் தேவையில்லை, விற்கவும் தேவையில்லை, நீ கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். வட்டுகளை அபிஷேக்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹெலினா அத்தைக்கு இரண்டு கிலோ பிளம் கேக் அனுப்பினேன். மன்னிப்பு என்று சீட்டில் எழுதவில்லை. இரண்டு கிலோ என்றால் அவளுக்குப் புரியும்.

நிவேதிதாவுக்கு என் முத்தம். திருமுழுக்கு நாளில் உன் நெற்றியில் இட்ட சிலுவையை இந்தக் காகிதத்தின் மேலும் இடுகிறேன். இரவில் தயிர் சாப்பிடாதே.

உன் அன்புள்ள அம்மா,
ஞானசௌந்தரி வேதமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சொல்லிவிடுவது நேர்மை. நேற்று ஆசிக்கை வரச்சொல்லி ஆட்டுக்கல்லை மறுபடி அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஜீப் பழையபடி ஒன்றேகால் அங்குலம் இடப்பக்கம் சாய்கிறது, அளந்துவிட்டேன். நீ கொடுத்த வாக்கின்படி பார்த்தால் இப்போது விற்கும் பேச்சை நீ எடுக்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகும்போது முன்னால் ஏறாதே. எனக்குப் பின்னால், வலப்பக்கம் உட்கார். நிவேதிதா இடப்பக்கம். மூடியில் உன் அப்பா எழுதியதற்குக் கீழே இடம் இருந்தது, நான் எழுதிவிட்டேன்: 'சௌ 44 + இ 80 = கல் 58 + நி 66.' நிவேதிதா அறுபத்தாறு இருக்கமாட்டாள், மீதிக்கு அவள் மடியில் கேக் டின்னை வைத்துக்கொள்ளலாம். கல்லை ஏன் திரும்ப வைத்தாய் என்று மட்டும் கேட்காதே.