மச்சினன் காட்டுக்கு நான் செய்த உதவி

கணக்கு வாத்தியார் ஓய்வுபெற்றால் வீட்டோடு இருக்க வேண்டும். கொல்லிமலையில் மரவள்ளி போடக்கூடாது. இதை நான் அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

என் அரை ஏக்கரில் அருகம்புல் மண்டியிருந்தது. எண்ணினேன், நாற்பத்தொரு திட்டு. (புல்லை எண்ணுகிறவன் உருப்படுவானா என்று மனைவி அப்போதே கேட்டாள்.) மேலே பச்சைக் கொடி, மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் வெள்ளைத் தண்டு. கோடையில் செத்ததுபோல் கிடக்கும். ஒரு மழை போதும், எழுந்துவிடும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மச்சினனின் சாமைக் காடு. அதில் ஒரு அருகு கிடையாது. பத்து வருடம் குனிந்து குனிந்து எடுத்த சுத்தம். அவன் வீட்டுக்கு ஆண்டு முழுக்கச் சோறு அந்தக் காடுதான். பவர் டில்லரும் அவனிடம் இருந்தது. கேட்டேன்.

"ஏனுங்க மாமா, மழை வாரப்பவா? அருகை வெட்ட வெட்டப் பெருகுமுங்க. கோடையில கொத்தி, பொறுக்கி, பாறையில காயப் போடோணும்."

"நாப்பத்தொரு திட்டு மாப்ளே. திட்டுக்கு ஆறு நிமிஷம். நாலு மணி ஆறு நிமிஷத்துல அருகு காலி!"

"வாத்தியாருக்கு நான் என்னத்தங்க சொல்றது" என்று வண்டியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்விட்டான்.

நான்கு மணி இருபது நிமிடத்தில் என் நிலம் சலித்த மாவுபோல் ஆனது. அந்தப் பெருமையில், நன்றிக்கடனாக அவன் காட்டையும் உழுது வைத்தேன். டில்லர் கத்திகளில் என் நிலத்து அருகு சடைசடையாகச் சுற்றியிருந்தது. கழுவ வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. உழுத காட்டைப் பார்த்து அவனும் மகிழ்ந்து சாமை விதைத்தான்.

பதினாறாம் நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். சாமைப் பயிருக்கு நடுவே, நான் உழுத தடத்திலேயே, கோடு போட்டதுபோல் அருகு. நறுக்கிய ஒவ்வொரு கணுவும் வேர் விட்டிருந்தது. வேறென்ன தெரியும் எனக்கு? எண்ண ஆரம்பித்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டில் என் தோளைத் தொட்டான்.

"எண்ணாதீங்க மாமா. புடுங்குங்க."

அந்த வருடம் அவன் வீட்டில் ரேஷன் அரிசிதான். மூன்று வருடமாகத் தினமும் காலையில் அவன் காட்டில் குனிகிறேன். அருகு குறைந்ததாகத் தெரியவில்லை; என் முதுகுதான் நிமிர மறுக்கிறது.

போன மாதம் ஒரு விசேஷத்தில் பந்தி பரிமாற ரசவாளியைத் தூக்கினேன். மச்சினன் மகள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க மாமா. உதவி கிதவி பண்ணிப்போடாதீங்க!"

பந்தியில் இருபத்தெட்டு இலை. இருபத்தேழு பேர் சிரித்தார்கள். மச்சினன் தலைநிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.