தூங்குவதற்கு முன் ஒரு குளியல்

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கினுவே குளியலறைக் கதவில் காதை வைத்து, உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் சமையல்கட்டுக்குத் திரும்பினாள். ஒரு கிண்ணத்தைத் துடைப்பதற்குள் பொறுக்கவில்லை. திரும்ப ஓடினாள்.

"ஏங்க?"

"இன்னும் சாகல. போய் வேலையைப் பாரு."

ஜப்பானின் நாகாவோகா ஊரில் அந்த வாரம் முழுக்கப் பனி கொட்டியது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அவள் கணவர் தமோட்சு புதுப் பழக்கம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். படுக்கப் போகுமுன், வீட்டார் ஒருவர்பின் ஒருவராக ஒரே தண்ணீரில் இறங்கும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை ஊற வேண்டும். விளக்கைத் தணித்துவிட வேண்டும். எதையும் நினைக்கக் கூடாது. உடம்பு தளர்ந்துவிட்டால் விடியும்வரை அசையாமல் தூங்கலாமாம்.

அந்த 'அசையாமல்'தான் கினுவேயைப் பயமுறுத்தியது. போன குளிர்காலத்தில் எதிர்வீட்டு ஹிதேயோவின் புருஷனும் இப்படித்தான் தொட்டியில் இறங்கினார். வெளியே எடுத்தபோது முகம் எவ்வளவு அமைதி என்று தெருவே மெச்சியது. அதிலிருந்து யார் முகம் அமைதியாக இருந்தாலும் கினுவேக்கு ஆகாது.

"உங்க தூக்கத்துக்கு என்ன கொறைச்சல்? குறட்டை நல்லாத்தானே விடுறீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"குறட்டை வேற, தூக்கம் வேற. நான் எழுந்ததும் நீயும் இறங்கிடு. தண்ணி ஆறிடப்போவுது."

எங்கே இறங்குவது? அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், முதல் வேலையாகத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிடுவாள். கடைசிச் சொட்டும் போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

மறுநாள் அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"நான் கூப்பிட்டா எரிச்சல் வருது உங்களுக்கு. நீங்களே பாடிக்கிட்டிருங்க. சத்தம் கேட்டா நான் கிட்ட வரல."

"எனக்கு எந்தப் பாட்டுடி தெரியும்?"

தெரியாதுதான். வாழ்நாளெல்லாம் ரயிலில் அடுத்த நிறுத்தத்தை அறிவித்து ஓய்வுபெற்றவர் அவர். அதையே ஆரம்பித்தார்.

"அடுத்து ஒஷிகிரி... அடுத்து மிட்சுகே..."

கினுவே முள்ளங்கி நறுக்கிக்கொண்டே கேட்டாள். ரயில் ஒழுங்காகப் போனது. மிட்சுகே தாண்டியதும் நின்றுவிட்டது.

அடுத்த நிறுத்தமான ஒபிஒரி வருவதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. கத்தியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தண்ணீரில் கையைவிட்டு அடைப்பைப் பிடுங்கினாள்.

"என்னடி பண்ற?"

"ஏன் நின்னீங்க?"

"சுகமா இருந்துச்சு, நின்னேன். ரயில் நின்னா தண்டவாளத்தையா பிடுங்குவாங்க?" காலித் தொட்டியில் அவருக்குப் பல் தந்தியடித்தது.

அடுத்த நாள் தமோட்சு கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ரயிலையும் நிறுத்திவிட்டார். இப்போது சுத்தமாக எதுவும் தெரியவில்லை. முள்ளங்கி காயப்போடும் கயிற்றைக் கினுவே கொண்டுவந்து கதவுக்கடியில் நுழைத்தாள்.

"ஒரு முனையைக் கால் கட்டைவிரல்ல கட்டிக்குங்க. நான் கதவுக்கடியில இழுப்பேன். நீங்க திருப்பி இழுத்தா போதும். வாயே திறக்க வேணாம்."

"கட்டிக்கிட்டா விட்டுடுவியா?"

"விட்டுடுறேன்."

இழுத்தாள். பதிலுக்கு இழுபட்டது. சற்றுப் பொறுத்து இழுத்தாள். மெல்ல இழுபட்டது. மூன்றாவது முறை பதிலே இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அசைவில்லை. ஹிதேயோ புருஷனின் முகம் கண்முன் வந்து நின்றது. கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, சுவரில் காலை ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள்.

உள்ளே பெரிதாக ஏதோ முழுகும் சத்தம். பிறகு குமிழிகளின் சத்தம்.

"ஹிதேயோ அக்கா, அவரு போயிட்டாரு," என்று வாசலில் நின்று கதறினாள். ஹிதேயோ பனி தள்ளும் பலகையும் கையுமாக ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து கதவை நெம்ப, தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. தமோட்சு ஒரு காலைத் தூக்கியபடி, கட்டைவிரலில் கயிறோடு, இருமி இருமித் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தார். சின்ன வாளி ஒன்று அவர் மானத்தைக் காத்தது.

"உயிரோடதான் இருக்காரு," என்றாள் ஹிதேயோ, வேறு பக்கம் திரும்பி. "ஆனா முகம் அமைதியா இல்ல."

"அது போதும்க்கா," என்று கினுவே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் மறக்காமல் அடைப்பைப் பிடுங்கினாள்.

விடிந்ததும் இருமலோடு இருந்தவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே இருந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, தூங்குறதுக்கு முன்னாடி ஊறுங்கன்னு வயசான மனுஷனுக்குச் சொல்லலாமா? நேத்து செத்துப் பொழைச்சாரு."

நர்ஸ் புரியாமல் பார்த்தாள்.

"அவருக்கு எங்கம்மா சொன்னோம்? 'எனக்கு மூச்சு வருதான்னு மூக்குல கைய வெச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி ராத்திரி பூரா முழிச்சிருக்கா, அவளுக்குன்னு சொன்னா கேக்க மாட்டா, நான் முதல்ல ஊறி எழுந்தா அந்த வெந்நீரை வீணாக்க மனசில்லாம அவளும் இறங்குவா'ன்னு உங்களுக்காகத்தானே தூங்க வழி கேட்டுட்டுப் போனாரு."