மாத்திரைப் பெட்டியும் அந்நிய பாஷையும்

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட சங்கரன்கோவிலில் அப்படி நெரிசல் இருந்திருக்காது. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் கூரைமேலும் ஆள். குருவிகுளத்துக்காரர்கள் வண்டி கட்டி வந்தார்கள். கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டமாம்! குருடன் பார்க்கிறானாம், முடவன் ஓடுகிறானாம். ஓடினவனை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை.

பிரசங்கியார் பெயர் ஜெபசிங். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. அவருக்கு ஒரு வரம் உண்டு. கூட்டத்தில் யாராவது ஆவி நிறைந்து அந்நிய பாஷை பேசினால், ஆண்டவர் அதில் என்ன சொன்னார் என்று உடனே தமிழில் சொல்லிவிடுவார். யார் என்ன உளறினாலும் சரி, ஆண்டவர் சொன்னது ஒன்றேதான்: "மாத்திரையை விடு, ஜெப எண்ணெயைத் தொடு!" எண்ணெய்ப் புட்டி மேடைக்குப் பக்கத்திலேயே விற்றது. மாத்திரைகளைக் கொட்ட மேடைமேல் ஒரு மரப்பெட்டியும் இருந்தது.

வத்தல் கடையில் மூட்டை தைக்கிறவன் மாசிலாமணி. அவன் மனைவி ஞானப்பூவுக்கு டி.பி. பெரியாஸ்பத்திரி மாத்திரையில்தான் ரத்தம் துப்புவது நின்றிருந்தது. நடுவில் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ முந்தின நாள்தான் எல்லா மாத்திரையையும் அந்தப் பெட்டியில் கொட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, சாகப் பாக்கியா?"

"அவிசுவாசமாப் பேசாதிய. ஆண்டவரே சொல்லிட்டாரு."

"ஆண்டவரா சொன்னாரு? அந்த ஆளுல்லா சொல்லுதான்!"

"அந்நிய பாஷை உங்களுக்குப் புரியுமாக்கும்?"

அதைக் கேட்டதும் மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வந்து சேருமுன் அவன் இலங்கையில் தேயிலை பறித்தவன். தமிழைத் தவிர இன்னொரு பாஷையும் அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் "அல்லேலூயா" உச்சத்துக்கு ஏறியபோது மாசிலாமணி எழுந்தான். கண்ணை மூடினான். கைகளைத் தூக்கி, உடம்பெல்லாம் நடுங்கக் கத்தினான்:

"அத ஹொத்தட்ட லுணு மதி! லுணு மதி! லுணு மதி!"

ஞானப்பூ கண் கலங்கிப் போனாள். தன் புருஷன்மேலும் ஆவி இறங்கிவிட்டதே!

ஜெபசிங் மைக்கைப் பிடித்தார். "ஆண்டவர் சொல்லுகிறார்! 'மகனே, உன் வீட்டில் இருக்கும் வியாதியைக் கண்டேன். மாத்திரை அவள் விசுவாசத்துக்குத் தடை. ஜெப எண்ணெயே அவளுக்கு ஜீவன்!'"

கூட்டத்தின் ஓரத்தில் டீ விற்றுக்கொண்டிருந்த அப்துல் ஜப்பார் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கக் கீழே சிந்தியது.

"என்ன பாய் சிரிக்கீரு?" என்று நாலு பேர் முறைத்தார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவரே சொல்லட்டும்" என்றான் மாசிலாமணி. "பாய், நான் என்ன பேசுனேன்?"

"கொளும்புல இருவது வருசம் கடை வச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா? இது சிங்களம்லா! 'இன்னைக்குக் குழம்புக்கு உப்புப் பத்தல'ன்னு சொல்லுதீரு. யா அல்லா, இதுலயா எண்ணெய் வந்துச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெபசிங்குக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் விடுவாரா?

"சாத்தான்! அவன் வாயில் பேசினது பிசாசு!"

ஞானப்பூ எழுந்து நின்றாள். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறவாதவள். "அப்போ பிசாசு பேசுனதயா ஐயா ஆண்டவர் வாக்குன்னு சொன்னிய? நேத்து எனக்குச் சொன்னது யாரு பேசுனது?"

மைக் கொர்ரென்றது. எண்ணெய்க் கடைக்காரன் கடையைக் கட்டத் தொடங்கினான். ஜெபசிங் பின்பக்கமாக மேடையை விட்டு இறங்கினார். அந்தக் கூட்டத்தில் முடவன் ஓடினானோ இல்லையோ, அவர் ஓடியதை ஊரே பார்த்தது.

ஜனங்கள் மேடைக்குப் பாய்ந்தார்கள். சர்க்கரை மாத்திரை ஒருவர் கையில், இழுப்பு மாத்திரை ஒருவர் கையில். ஞானப்பூ முட்டி மோதித் தன்னுடைய பொட்டலத்தைக் கண்டுபிடித்தாள். ஜப்பாரிடம் தண்ணீர் வாங்கி, அங்கேயே ஒன்றை விழுங்கினாள். மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆண்டவர் மேல இப்பவும் எனக்கு விசுவாசம் உண்டு, சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

"இருக்கட்டும்ட்டி. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"ஆண்டவரு கும்பிடக் கையத்தான் கூப்பச் சொன்னாரு. மூளையயும் சேத்து மடிச்சு வச்சது நாமதான்."