நாற்பத்தேழும் முப்பத்தெட்டும்

பேரன்புள்ள அண்ணன் சுகைர் அவர்களுக்கு,

இர்பிதிலிருந்து தங்கை இன்ஷிராஹ் ஸலாம் கூறி எழுதுவது. இங்கு யாவரும் நலம். அகபாவில் தங்கள் முழங்கால் நலமா? அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நற்சுகம் அருள்வானாக.

நிற்க. நான் தலைமையாசிரியை ஆனதற்குத் தாங்கள் பக்லாவா இனிப்பு அனுப்பி வாழ்த்தினீர்கள். அது தீர்ந்த மறுநாளே மானம் போயிற்று. இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை மேற்பார்வையிடப் போய்க் கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். எங்கள் பள்ளியிலேயே கெட்டிக்காரியான ரிஹாப் டீச்சர் நாற்பத்தேழையும் முப்பத்தெட்டையும் கூட்டச் சொல்ல, பிள்ளைகள் நாற்பதும் முப்பதும் தனி, ஏழும் எட்டும் தனி என்று பிய்த்துப் போட்டார்கள், இருபது வருஷம் பூகோளம் நடத்தினவளுக்குப் பொறுக்குமா, எழுந்து போய்ப் பலகையை அழிச்சேன், "பதினஞ்சுல அஞ்சைப் போட்டு ஒண்ணை மேல ஏத்துங்கடி!"ன்னேன். ஒரு வாண்டு, "ஒண்ணா மிஸ்? அது பத்தாச்சே?"ன்னு கேட்டுச்சு. பதில் தெரியலை அண்ணா. தெரியலைன்னு சொல்லவும் வாய் வரலை. "பாடத்திட்டத்துக்குப் புறம்பாக நடத்துகிறார்"னு மேற்பார்வைக் குறிப்பேட்டுல ரிஹாப் பேர்ல எழுதிட்டு வந்துட்டேன்.

மறுநாள் அவ இடமாற்றல் விண்ணப்பத்தோட வந்து நின்னா.

"பாடத்திட்டத்தைப் படிச்சீங்களா மேடம்?"

"நான் தலைமையாசிரியை!"

"அதைக் கேக்கலை மேடம்."

அவ போனதும் ஆசிரியர் கையேட்டைப் பிரிச்சேன், அவ நடத்தினது அச்சு அசலா அதுல இருக்கு, என்னோட 'ஒண்ணை மேல ஏத்து' மூணு பாடம் தள்ளித்தான் வருது. வெக்கத்தை விட்டு அவ வகுப்புக்கே போய், "தப்பு என் மேல. எனக்கும் சொல்லிக் கொடு"ன்னேன். "அந்தச் சின்ன பெஞ்சுல உக்காருவீங்களா?"ன்னா. உக்காந்தேன். என்னை எழுப்ப ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.

இதுவரைக்கும் நான் டீச்சருங்களுக்குச் சொன்ன யோசனையெல்லாம் திரைச்சீலை, சுவர்ப்படம், சத்தமாப் பேசு, அவ்வளவுதான். போன வாரம் நாலாம் வகுப்புப் பிள்ளைங்க கழித்தல்ல ஏன் தடுக்கி விழறாங்கன்னு எனக்கே பிடிபட்டுச்சு. பத்தையும் ஒண்ணையும் பிரிக்கிறதே அதுங்களுக்குப் படியலை. ரிஹாபை ரெண்டு பீரியட் அங்க அனுப்பினேன். அவ விண்ணப்பத்தை அவளே கிழிச்சுட்டா. இனி கணக்குல என்னை யாரும் அசைக்க முடியாது.

தங்கள் துஆவை வேண்டும் தங்கை,
இன்ஷிராஹ்

பி.கு.: உறையை ஒட்டப் போறப்ப கல்வி அலுவலகச் சுற்றறிக்கை வந்துச்சு. அடுத்த வருஷம் கணக்குப் புத்தகம் மொத்தமும் மாறுதாம். ரிஹாப் புதினா டீயோட வாசல்ல நிக்கறா. "சேர்ந்தே முழிப்போம் மேடம்"ங்கறா.