ரெண்டு ஸ்பீக்கருக்கு ஜோடி மாலை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. புதுசா வந்த ரெண்டு ஸ்பீக்கருக்கும் பூஜை போடணும்.

நம்ம திருப்பூர்ல தையல் மிசின் வாங்கினாலும் பூஜை, தராசு வாங்கினாலும் பூஜை. எழுபதுகளோட ஆரம்பத்துல, இடுப்பு உசரத்துக்கு ரெண்டு தேக்குப் பெட்டியைக் கோயமுத்தூர்ல சொல்லிச் செஞ்சு கொண்டாந்தவன் நான். சும்மா விடுவேனா?

அதுவரைக்கும் எங்கிட்ட இருந்தது சூட்கேஸ் சைசுல ஒரு ரெக்கார்டு பிளேயர். அதுல தவில் அடிச்சாலும் தகர டப்பா அடிச்சாலும் ஒரே சத்தம். பாட்டுக் கேக்கறதுக்குன்னே வீட்ல ஒரு ரூமை ஒதுக்கிட்டு, நல்ல ஸ்பீக்கர் வாங்கப்போறேன்னு மூணு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அந்த மூணு வருஷத்துல தள்ளித் தள்ளிப் போனது என் கல்யாணம்.

அம்மாவோட தம்பி, அருள்புரத்து மாமா. அவரோட மக பூங்கொடி. "அவளைக் கட்டிக்கறியா?"ன்னு அம்மா கேக்கும்போதெல்லாம் எனக்குக் காது வரைக்கும் சூடேறும். வாயில வர்றது ஒண்ணுதான்: "மொதல்ல ஸ்பீக்கர் வரட்டும், அப்பறம் பேசலாம்."

மனசுக்குள்ள அவளைத் தவிர வேற ஆளே இல்ல. அதைச் சொல்லத்தான் துப்பில்ல!

கடைசியில மாமா சொல்லி அனுப்பிட்டார். "இந்த ஆவணிக்குள்ள மாப்ள வாயத் தொறக்கலீன்னா, நாங்க வேற எடம் பாக்கறமுங்க."

ஆவணி பாதி முடிஞ்சிருந்துச்சு. ஸ்பீக்கரும் வந்துடுச்சு. மூலனூர்ல ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த அம்மா திரும்பினதும் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சத்தியமா!

ஞாயித்துக்கெழமை காலையில நேராப் பூக்கடைக்குப் போனேன்.

"ரெண்டு மாலை வேணுமுங்க. ஒரே மாதிரி."

பூக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஜோடி மாலைங்களா?"

"ஆமாங்க. நல்லா அகலமாக் கட்டுங்க. ரெண்டும் நல்ல பருமனுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அப்போ காத்தடிச்சாப் பறக்கற ஆள். "எந்தூருங்க?"ன்னார்.

"கோயமுத்தூருங்க. நேத்துத்தான் கூட்டியாந்தேன். பாத்துட்டே இருக்கலாமுங்க, அத்தனை லச்சணம்!"

வாங்கின புதுசு, வாய் நிக்கல. அவர் சிரிச்சார், நானும் சிரிச்சேன். மாலைக்குப் பன்னீர் வேற தெளிச்சுக் குடுத்தார். இத்தனை மரியாதையான கடையான்னு நெனைச்சுக்கிட்டு வந்தேன்.

வாசல்ல பக்கத்து வீட்டுச் சரசக்கா கோலம் போட்டுட்டு இருந்தாங்க. கண்ணு நேரா மாலைக்குப் போச்சு.

"ஏனுங் கண்ணு, அம்மா ஊர்ல இல்லீங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்கக்கா. அதனாலதான் இன்னைக்கே சட்டுப்புட்டுன்னு முடிச்சுக்கலாம்னு."

அம்மா இருந்தா ராகு காலம், எமகண்டம்னு இழுத்தடிப்பாங்க. அதைத்தான் சொன்னேன். சரசக்கா பாதிக் கோலத்துல உள்ள போனாங்க. அடுத்த நிமிஷம் அவங்க வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துட்டு எங்கியோ பறந்தார். எனக்கென்ன!

உள்ள வேலை கெடந்துச்சு. "மொட்டைச் சுவரு எதிரொலிக்குமுங்க, துணி தொங்க விடுங்க"ன்னு ஸ்பீக்கர் செஞ்ச மெக்கானிக் சொல்லியிருந்தார். துணிக்கா பஞ்சம்? எங்க பனியன் கம்பெனியில சாயம் திட்டுத்திட்டா ஏறினதால ஆர்டர்ல கழிஞ்ச மஞ்சத் துணி ரெண்டு ரோல் கெடந்துச்சு. நாலு சுவத்துலயும் ஜன்னல்லயும் மடிப்பு மடிப்பாத் தொங்க விட்டேன். குளிச்சு, புது வேட்டி கட்டி, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, ஆளுக்கொரு மாலை போட்டு, தேங்காய் உடைச்சேன்.

மங்கலமா இருக்கட்டுமேன்னு மொதல் இசைத்தட்டு நாதஸ்வரம். கதவைச் சாத்திட்டு, சத்தத்தை முழுசாத் திருப்பினேன்.

அடேயப்பா! தவில்காரர் என் மடியில வந்து உக்காந்துட்டார்! இந்தப் பக்கம் நாதஸ்வரம், அந்தப் பக்கம் தவில், நடுவுல நான். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கெட்டி மேளம் வந்தப்போ தாங்க முடியாம எந்திரிச்சு, தாம்பாளத்துல இருந்த அரிசியை அள்ளி அட்சதை போட்டேன்.

ஜன்னல் துணி இடுக்குல பாதித் தெரு எட்டிப் பார்த்துட்டு இருந்தது எனக்குத் தெரியாது. பெட்டி இருந்த மூலை அங்கிருந்து தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது மஞ்சத் துணி, புது வேட்டி, அட்சதை.

தட்டைத் திருப்பிப் போட்டு, அதுவும் முடியப்போற நேரம். கதவு படார்னு தொறந்துச்சு.

மாமா! பின்னால பூங்கொடி. அவளுக்குப் பின்னால தெருவே நின்னுச்சு. சரசக்கா கையில அன்பளிப்புக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு.

மாமா வாய் அசையுது, நாதஸ்வரம் கேக்குது. கிட்ட வந்து என் காதுல கத்தினார்.

"எங்கூட்டுப் புள்ள வேண்டாம்னா, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுங்களே மாப்ளே! திருட்டுக் கண்ணாலம் எதுக்குங்க?"

எங்க பக்கம் கோவத்துல கூட 'ங்க' போகாது. அதனாலயே ரெண்டு மடங்கு வலிக்கும்.

"கண்ணாலமுங்களா? யாருக்குங்க?"

"பூக்கடைக்காரர் சொன்ன அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு எங்கீங்க?"

பூங்கொடி மட்டும் ரூமை ஒரு சுத்துப் பார்த்தா. மாலையும் குங்குமமுமா நின்ன ரெண்டு பெட்டியையும் பார்த்தா. அழுது கண்ணெல்லாம் செவந்திருந்தவ, உதட்டைக் கடிச்சுக்கிட்டு என் காதுகிட்ட வந்து கேட்டா.

"இதுல எது பொண்ணுங்க மச்சான்?"

அந்தச் செவந்த கண்ணைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது. எனக்காக அழுதிருக்கா! மூணு வருஷமாத் தொண்டையில நின்னது அப்பத்தான் வந்துச்சு. நாதஸ்வரத்தை மீறிக் கேக்கணுமேன்னு அடிவயித்துல இருந்து கத்தினேன்.

"எனக்குப் பூங்கொடிதானுங்க வேணும்!"

'எனக்கு'ன்னு சொன்ன வரைக்கும் நாதஸ்வரம் இருந்துச்சு. அதோட தட்டு தீந்து போச்சு.

மிச்சம் தெருவுக்கே கேட்டுச்சு. தெருக்கோடி டீக்கடையில கிளாஸைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னாங்களாம்.

பூங்கொடி சிரிக்க ஆரம்பிச்சவ, நிறுத்த முடியாம ஸ்பீக்கர் மேலயே சாஞ்சுட்டா. மாமா துண்டை எடுத்து மெதுவா முகத்தைத் தொடச்சார்.

"இந்த ஒரு வார்த்தை சொல்றதுக்கு இத்தனை பெரிய பெட்டிங்களா மாப்ளே?"

"அப்ப இன்னைக்குச் சாப்பாடு இல்லீங்களா?"ன்னு சொம்பைப் பின்னால மறைச்சுக்கிட்டே சரசக்கா கேட்டாங்க.

மூலனூர் பஸ்ஸை விட்டு எறங்கின அம்மாவுக்கு, மகன் கல்யாணச் சேதியை பஸ் ஸ்டேண்டுலயே யாரோ சொல்லிட்டாங்க. எந்தப் பொண்ணுன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்ட பிறகுதான் அவங்க வீடு வந்து சேர்ந்தாங்க.

ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு அதே பூக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இந்தவாட்டி கொஞ்சம் சந்தேகமாத்தான் கேட்டார்.

"ஜோடி மாலைங்களா?"

"ஆமாங்க. இந்தவாட்டி ஆளுங்களுக்கு."